புகை நேரப் பதிவேட்டில் என் கையெழுத்து

அன்பும் மரியாதையும் கொண்ட மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே தங்கள் தங்கை சுகம், தங்கள் மருமகள் சுகம். என் சுகத்தைப் பற்றி மட்டும் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இரண்டையும் கீழே எழுதுகிறேன்.

முதலில் உறுதியான செய்தி. நேற்று, செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு, அச்சகத்தின் வாசலில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டன. பழைய முதலாளியிடம் இருந்த எண்பத்தொரு பேரில் அறுபத்து மூன்று பேரைப் புதிய கம்பெனி எடுத்துக்கொள்கிறது என்றது முதல் தாள். மீதிப் பதினெட்டுப் பேர் இரண்டாம் தாளில். அதில் ஏழாவது ஆள் நான். மூன்று தடவை நானே படித்தேன். நாலாவது தடவை காவலாளி விரல் வைத்துப் படித்து, "நீங்கதான் அண்ணே, சந்தேகமே இல்ல" என்று உறுதி செய்தார். காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல் இருந்தது: புகைப்பவர்.

நான் புகைப்பதில்லை. இந்த நாற்பத்தொன்பது வயதுக்குள் ஒரு சிகரெட்டைக்கூட நான் பற்றவைத்தது கிடையாது. இதை நம்புகிறவர்களின் எண்ணிக்கை, இதை எழுதும் நேரத்தில், ஒன்று. அந்த ஒருவனும் நான்தான். போன வாரம் தாங்கள் எழுதிய கடிதத்தில், "மாப்பிள்ளை, புகைப்பவரை வேலைக்கு எடுக்க மாட்டேன் என்று சொல்ல முதலாளிக்குத் தடை ஏதும் இருப்பதாக எங்கள் அலுவலகக் கோப்புகளில் தெரியவில்லை. ஆகவே அந்தச் சனியனை விட்டுத் தொலைப்பதே புத்திசாலித்தனம்" என்று எழுதியிருந்தீர்கள். தொழிலாளர் நல அலுவலகத்தில் இருபது வருடம் கோப்பு பார்த்த தாங்களே விசாரணை இல்லாமல் தீர்ப்பு எழுதிவிட்டபடியால், நடந்ததை ஆதியிலிருந்து எழுதுகிறேன். சுருக்கமாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நடந்தது சுருக்கமாக நடக்கவில்லை.

எங்கள் அச்சகம் அட்டைப்பெட்டி அச்சடிக்கிற இடம் என்பது தாங்கள் அறிந்ததே. அதில் பாதிக்கு மேல் சிகரெட் பெட்டி. நான் ஓட்டுவது ஆறு வண்ண இயந்திரம். பெட்டியின் தங்க நிறக் கோடும் நான் அடிப்பதுதான், அதன் கீழே புகைத்தால் சாவாய் என்று பயமுறுத்தும் படமும் நான் அடிப்பதுதான். அந்த அழுகிய நுரையீரலுக்குச் சரியான கருஞ்சிவப்பு வர வேண்டுமென்று காலை முழுவதும் மை கலந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அழுகணும்" என்று சொல்கிறவன் நான். அப்படிப்பட்ட இடத்தில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன் மை கழுவும் தின்னர் டப்பாவுக்குப் பக்கத்தில் தீக்குச்சி கிழித்தான். மறுபடி கூரை போட ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு பழைய முதலாளி காகிதக் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, புகைப்பவர்கள் காலை பத்து நாற்பதுக்குப் பத்து நிமிடமும் மாலை மூன்று நாற்பதுக்குப் பத்து நிமிடமும், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போகலாம் என்றார். புகைக்காதவர்கள் இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கலாம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். எட்டு மணி நேரம் நின்று கால் கல்லாகிப் போயிருந்தது. ஃபோர்மேனிடம் போய்க் கேட்டேன்.

"எங்களுக்கு?"

"உனக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையேப்பா. வெளிய போய் என்ன பண்ணுவ?"

"உக்காருவேன்."

"உக்கார்றதுக்கெல்லாம் கம்பெனி நேரம் ஒதுக்க முடியுமா? நாளைக்குப் படுக்கணும்பே."

மறுநாள் பத்து நாற்பதுக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகையில் பதினாலு பேர் புகைத்தார்கள், நான் ஒரு காகிதச் சுருள் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். யாராவது மூக்குச் சிந்தப் போனால், செருப்பு வார் மாட்டினால், "சாமியாரே, இதக் கொஞ்சம் பிடி" என்று எரிகிற சிகரெட்டை என் கையில் கொடுப்பார்கள். விளக்குத் தண்டு மாதிரி பிடித்துக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருடம், ஒரு நாளைக்கு இரண்டு கையெழுத்து. விடுமுறை போகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைகூடத் தேதியும் நேரமும் எழுதிப் போட்டுக்கொள்ளாது.

போன மாதம் அச்சகம் கைமாறி, எல்லாரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புகைப்பவர்களுக்கு வேலை இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்களே, அன்றைக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். மறைக்க ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடம் அவர்கள் ஊதியதை நான் இழுத்திருக்கிறேன். சட்டையை உதறினால் சாம்பல் விழும். முதலாளி சொல்வதில் என்ன தப்பு, தின்னர் இருக்கிற இடத்தில் நெருப்பு எதற்கு, இவர்கள் இருமி இருமி விடுப்பு எடுத்தால் மெஷினை யார் ஓட்டுவது என்று நானே நாலு பேரிடம் வாதாடினேன். "வீட்டுல நான் என்ன ஊதினா அவனுக்கு என்னய்யா?" என்று கேட்ட ஒருவனிடம், "வீட்டுல ஊதறவன் வீட்டுலயே இரு" என்றுகூடச் சொன்னேன். அவன் பெயர் இரண்டாம் தாளில் ஆறாவதாக இருக்கிறது. எனக்கு நேர் மேலே.

நேர்காணலுக்குப் போனால், பணியாளர் அதிகாரி நம் பெண்ணைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு பெண். நல்ல மரியாதை. நாற்காலியைக் காட்டி, தண்ணீர் கொடுத்து, பிறகு அலமாரியிலிருந்து எட்டுப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். பழைய முதலாளி இயந்திரங்களோடு அவற்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டிருக்கிறார்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னோடது. புகை என்னோடது இல்லம்மா."

அவள் சிரிக்கவில்லை. மூச்சில் புகை அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து ஊதச் சொன்னாள். ஊதினேன். இரண்டு என்று காட்டியது.

"ரெண்டுன்னா சுத்தம் சார். நேத்து நீங்க பிடிக்கல."

"முந்தாநேத்தும் பிடிக்கல."

"அது மெஷினுக்குத் தெரியாது. பதிவேட்டுக்குத்தான் தெரியும்."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். உட்காருவதற்காகப் போட்ட கையெழுத்து அது என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே என் மேல் இரக்கப்பட்டு, "அப்போ இருபத்திரண்டு வருஷமா பொய்த் தகவல் கொடுத்திருக்கீங்கன்னு ஆகுது சார். அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு. அதுல போட்டா மேல்முறையீடே கிடையாது. புகைப்பவர்னு போட்டா மேல்முறையீடு உண்டு. எதுல போடட்டும்? உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள். மைத்துனரே, அந்த இடத்தில் தாங்கள் இருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்கள்? நான் தண்ணீரைக் குடித்தேன். அவள் அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, புகைப்பவர் என்று எழுதினாள்.

அடுத்த நாள் கம்பெனி மருத்துவரிடம் எக்ஸ்ரே. இது என்னைக் காப்பாற்றும் என்று நம்பிப் போனேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மருத்துவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். எனக்கோ தொழில் புத்தி. இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு சாம்பல் திட்டு, ஓரம் கலங்கலாக இருந்தது. இந்தத் தாளைக் கழித்துவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் நினைத்த பிறகுதான், அது என் நெஞ்சு என்று உறைத்தது.

"எத்தனை வருஷமா?" என்றார்.

"எது டாக்டர்?"

"புகை."

"நான் புகைக்கறதில்ல."

"எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை அதுதான். சரி, என்ன வேலை?"

"மெஷின் ஓட்டறேன். மை, தின்னர், அட்டைத் தூசி. இருபத்திரண்டு வருஷம்."

"முகமூடி?"

"புதுக் கம்பெனிக்காரங்க போட்டோ எடுக்கறப்ப ஒரு தடவை கொடுத்தாங்க. அப்புறம் திருப்பி வாங்கிட்டாங்க."

அவர் கெட்டவர் இல்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "தின்னர்லயும் தூசியிலயும் இப்படி வரலாம். வராதுன்னு நான் சொல்லல. ஆனா எனக்குக் கொடுத்த படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல. மூச்சு அளவு குறைஞ்சிருக்கு. நடந்தா வாங்குதா?" என்றார். மாடி ஏறினால் வாங்குகிறது என்றேன். எழுதிக்கொண்டார். நான் வெளியே வந்து அந்தத் தாளைப் படித்தேன். "கண்டறிந்த குறைபாடு புகைப்பழக்கத்தோடு ஒத்துப்போகிறது. பதிவேடும் அதையே காட்டுகிறது." என் நுரையீரலுக்கே என் கையெழுத்து சாட்சி சொல்லிவிட்டது.

சரி, ஒரு மனித சாட்சி வேண்டும் என்று, எனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்று அன்றைக்குச் சொன்ன, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட ஃபோர்மேன் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு பேருந்து மாறி, நாலு தெரு நடந்து, மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்து, "இதுக்குத்தான் அப்பவே விடச் சொன்னேன்" என்று கதவைத் திறந்தார். புகைக்காதவன் என்று ஒரு சான்று எழுதித் தாருங்கள் என்றேன். அவர் பொய் எழுத மாட்டார். "கொட்டகையில உன் கையில சிகரெட் இருந்ததை என் கண்ணால பாத்திருக்கேனேப்பா. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். ஆனால் என் மேல் பிரியம் உள்ளவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: "நல்ல தொழிலாளி. அளவோடு புகைப்பவர். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் புகை நேரத்தை மீறியதில்லை." மேலே சொன்ன சான்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இதற்கிடையே கம்பெனி, குடும்ப விழிப்புணர்வு என்று சொல்லி, பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகல் எடுத்துத் தங்கள் தங்கைக்கு அனுப்பிவிட்டது. அது போன வருடம் எங்கள் கல்யாண நாள் வந்த தேதியின் பக்கம். வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார்களா, தற்செயலா என்பது இதுவரை உறுதியாகவில்லை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்குக்கூடவா? ரெண்டு வேளையும்?"

"அடியே, நான் உக்காரப் போனேன்."

"உக்காரவா? உக்காந்து என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. உக்காந்தேன்."

"இருபத்திரண்டு வருஷம் ஒண்ணும் பண்ணாம உக்காந்தாராம். சட்டையில நாத்தம் வர்றப்பல்லாம் கூட இருக்கறவங்க பிடிக்கறாங்கன்னு சொன்னீங்களே, நம்பித் துவைச்சேன். நெருப்பில்லாம புகையுமா? இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்க?"

அன்றிலிருந்து என் சட்டைப் பைகள் தினமும் சோதனைக்கு உள்ளாகின்றன. இதுவரை கைப்பற்றப்பட்டவை: ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, பேருந்துச் சீட்டுகள், இருமல் மிட்டாய் ஒன்று. மிட்டாயை அவள் ஆதாரமாக எடுத்து வைத்திருக்கிறாள். அதன் பிறகுதான் தங்களுக்கு எழுதினாள், தாங்கள் எனக்கு எழுதினீர்கள்.

இப்போது கோந்து விஷயம். பெட்டி ஒட்டும் பிரிவில் இருப்பவன். கையெல்லாம் பசை, அதனால் அந்தப் பெயர். நாளைக்கு ஒன்றரைப் பாக்கெட் ஊதுகிறவன். ஆனால் பதிவேட்டில் ஒரு கையெழுத்துகூடக் கிடையாது. கொட்டகை வரை நடக்கச் சோம்பல்பட்டு, சட்டவிரோதமாகக் கழிவறை ஜன்னல் வழியே ஊதினான். நேர்காணலுக்கு முன்னால் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, கருவியில் மூன்று வாங்கினான். பதிவேடு சுத்தம், கருவி சுத்தம், ஆள் தேர்வு. அவன் சட்டையில் பச்சை வட்டம் ஒன்று குத்தியிருக்கிறார்கள், புகையற்ற ஊழியர் என்று. நேற்று பட்டியல் பார்த்துவிட்டு நான் வாசலில் நின்றபோது வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ஒழுங்கா என்னை மாதிரி திருட்டுத்தனமா இருந்திருக்கலாம்" என்றான். கேலி இல்லை. கண் கலங்கித்தான் சொன்னான். பசைக் கையோடு பிடித்ததால் சட்டை போயிற்று.

முதலாளி புகைப்பவனை வேண்டாம் என்று சொல்லலாமா கூடாதா என்ற கேள்விக்குத் தாங்கள் கோப்பைப் பார்த்துப் பதில் சொன்னீர்கள். நான் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்கிறேன். எட்டு மணி நேரம் அவருக்கு விற்றேன், சரி. அந்த எட்டு மணி நேரத்தில் நெருப்பு வைக்காதே என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அதுவும் சரி. மீதிப் பதினாறு மணி நேரத்து மூச்சையும் அவர் ஊதச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், நாளைக்குச் சர்க்கரை, நாளை மறுநாள் குறட்டை. இதையெல்லாம்கூட விட்டுவிடுகிறேன். இந்த விதியால் அவருக்கு வருகிற பெரிய லாபம் வேறு. இனி அச்சகத்தில் எவனுக்கு மூச்சு வாங்கினாலும் அவன் புகைப்பவன். தின்னர் தப்பித்தது, தூசி தப்பித்தது, திருப்பி வாங்கிய முகமூடி தப்பித்தது. குற்றவாளி எப்போதும் தொழிலாளியின் உதட்டில் இருக்கிறான், அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும். இதைக் கை தட்டி வரவேற்ற முட்டாள்களில் நானும் ஒருவன் என்பதுதான் மாடிப்படியைவிட அதிகமாக எனக்கு மூச்சு வாங்க வைக்கிறது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேல்முறையீட்டுக் குழு வரும் திங்கட்கிழமை காலை பதினொன்றுக்குக் கூடுகிறது. மனுவைச் சனிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். நான் ஒருபோதும் புகைத்ததில்லை என்றும், அதே சமயம் நான் பொய்க் கையெழுத்துப் போடவில்லை என்றும், என் நெஞ்சுக்கு அச்சகமே காரணம் என்றும், ஆனால் அதே அச்சகத்தில் எனக்கு வேலை வேண்டும் என்றும், இந்த நாலும் ஒன்றையொன்று கடிக்காதபடி அலுவலகத் தமிழில் தாங்கள்தான் எழுத முடியும். நாற்பத்தொன்பது வயதுக்காரனுக்கு இன்னொரு ஆறு வண்ண இயந்திரம் கிடைக்காது. இந்த வேலை போனால் தெருவில் நின்று என் அச்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கடைக்குக் கடை தொங்குகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் தாங்கள் வளைந்து கொடுக்க வேண்டாம்: நான் புகைப்பவன் என்று மட்டும் எந்த வரியிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எது போனாலும் அது ஒன்று என் உண்மை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சிறியவர்களுக்கு ஆசிகள். எல்லாரும் நோய் நொடி இல்லாமல், எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கோந்து வந்தான். மனு எழுத வேண்டாம். எழுதத் தொடங்கியிருந்தால் கிழித்துவிடுங்கள். கம்பெனி இன்று மதியம் மீட்புத் திட்டம் என்று ஒன்றை அறிவித்திருக்கிறது. புகைப்பவர் தாமே ஒப்புக்கொண்டு, விட்டுவிடச் சம்மதித்தால், ஆறு மாதத் தற்காலிக வேலை, பிறகு நிரந்தரம். பன்னிரண்டு இடத்தில் பதினொன்று நிரம்பிவிட்டது. கோந்து கொண்டுவந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது வரி: "என் நெஞ்சில் உள்ள குறைபாட்டுக்கு என் புகைப்பழக்கமே காரணம், இது குறித்து நிர்வாகத்திடம் எக்காலத்திலும் எதுவும் கோரமாட்டேன்." ஒரே ஒரு சிக்கல். கருவியில் பத்துக்கு மேல் காட்டுகிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம். புகைக்காதவனை எதிலிருந்து மீட்பது என்று அந்த அதிகாரிப் பெண் கேட்டாளாம், நியாயம்தானே. எனக்கு இரண்டு. ஆகவே கோந்து பச்சை வட்டத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். "வாயிலயே வெச்சுக்கிட்டா நம்பர் ஏறாதுண்ணே, உள்ள இழுங்க" என்றான். இழுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிகரெட்டைத் தலைகீழாகப் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டேன். சத்தம் கேட்டுத் தங்கள் தங்கை வாசற்படிக்கு வந்தாள். நான் சிகரெட் பிடித்திருந்த லட்சணத்தைப் பார்த்தாள். பிறகு, "ஐயோ, உங்களுக்கு நிஜமாவே பழக்கம் இல்லையா!" என்றாள். ஓடி வந்து முதுகைத் தடவினாள். ஆக, என்னை நம்புகிறவர்களின் எண்ணிக்கை இரண்டாகிவிட்டது, கோந்துவையும் சேர்த்தால் மூன்று. ஆனால் தங்களை யாராவது கேட்டால், மாப்பிள்ளை இருபத்திரண்டு வருடமாகப் புகைக்கிறார் என்றே சொல்லுங்கள். நாளை, வியாழக்கிழமை, காலை எட்டரைக்குள் நாலு பிடிக்க வேண்டும் என்பது கோந்துவின் கணக்கு. ஊதும் சோதனை ஒன்பதரைக்கு. பத்து மணிக்கு முடிவு ஒட்டுவார்கள் என்று காவலாளி சொன்னாராம்.